கால் டேங்க் காட்டிய ஊசி

திருமயம் கோட்டை இருட்டில் பெரிய நிழலாகத் தெரிந்த இடத்தில் கார் நாலைந்து முறை வெட்டி இழுத்து நின்றுவிட்டது. காலை ஐந்து மணி. ஆறே முக்காலுக்குத் தங்கை திருச்சி விமான நிலையத்தில் இறங்குகிறாள். பெட்ரோல் ஊசி கால் டேங்க் என்று காட்டிக்கொண்டிருந்தது. எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. அதனால் பெட்ரோலைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். பேட்டரி, பியூஸ், போன மாதம்தான் மாற்றிய பம்ப், கடைசியில் 2009இல் இந்தக் காரை வாங்கி இன்னும் விற்க மறுக்கும் அப்பா.

சாலையோர டீக்கடைக்காரர் வந்து பெட்ரோல் மூடியைத் திறக்கச் சொன்னார். காரின் பின்பக்கத்தைப் பிடித்து இருமுறை ஆட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். "உள்ளே ஒன்றும் இல்லை, சார்" என்றார். பங்க் நாலு கிலோமீட்டர் தள்ளி. அங்கே பாட்டிலில் பெட்ரோல் தர மாட்டார்கள். தன் பைக்கின் பெட்ரோல் குழாயைக் கழற்றி, தண்ணீர் பாட்டிலில் ஒன்றரை லிட்டர் பிடித்துக் கொடுத்துவிட்டு 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்த நேரத்துக்கு அது நியாயமான விலை.

காரைக்குடியிலிருந்து திருச்சி சுமார் 90 கிலோமீட்டர். ஐ10 காரின் டேங்க் 35 லிட்டர் பிடிக்கும். கால் டேங்க் என்றால் கிட்டத்தட்ட ஒன்பது லிட்டர், நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும், திரும்பும்போது போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டுத்தான் கிளம்பியிருந்தேன். கிளம்பும்போது அப்பா, "ஊசியைப் பார்க்காதே, கிலோமீட்டரைப் பார். 400 தாண்டினால் பங்குக்குப் போ" என்றார். வயதானவர்கள் சொல்லும் ஆயிரம் எச்சரிக்கைகளில் ஒன்று என்று விட்டுவிட்டேன். நின்ற இடத்தில், டேங்கை நிரப்பியதிலிருந்து ஓடிய தூரத்தைக் காட்டும் ட்ரிப் மீட்டர் 431 காட்டியது.

என் பங்குக்கு ஒரு சமாதானம் உண்டு. நான் இருபது ஆண்டுகளாக வாழும் சிங்கப்பூரில் பெட்ரோல் ஊசிக்குச் சட்டமே இருக்கிறது. மலேசியாவில் பெட்ரோல் மலிவு என்பதால், அங்கே போகும் சிங்கப்பூர் கார்களில் குறைந்தது முக்கால் டேங்க் இருக்க வேண்டும். 1989இல் அரை டேங்க் என்று தொடங்கியது, 1991இல் முக்காலானது. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் அதிகாரி எட்டிப் பார்ப்பது ஊசியைத்தான். குறைவாக இருந்தால் காரைத் திருப்பி அனுப்புவார்கள், 500 வெள்ளி வரை அபராதமும் உண்டு. ஊசியை ஏமாற்றிக் காட்ட வைப்பது தனிக் குற்றம். நண்பரின் காரில் ஜொகூர் போகும்போதெல்லாம் வரிசையில் நின்று ஊசியைப் பார்த்துப் பழகியவனுக்கு, அது பொய் சொல்லும் என்று தோன்றவே இல்லை.

உண்மையில் அது முதல் நாளே பொய் சொல்லியிருக்கிறது. ஊர் வந்த அன்று டேங்கை நிரப்பினேன். மதுரை போய், திரும்பி வருகிற வழியிலும் ஊசி, டேங்க் நிறைந்ததைக் குறிக்கும் எஃப்-ஐ விட்டு அசையவில்லை. "பழைய வண்டி என்ன மைலேஜ் கொடுக்கிறது பாருங்கள்!" என்று மைத்துனரிடம் பெருமை பேசியிருந்தேன்.

வண்டி நின்ற கதையைக் கேட்டதும் மைத்துனர், "பங்கில் அளவு குறைத்துவிட்டான், மாமா" என்று தீர்ப்பளித்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது. மறுநாள் அதே பங்குக்குப் போய் ஐந்து லிட்டர் அளவுக் கலத்தைக் கேட்டேன். முத்திரையிட்ட அந்தக் கலத்தை ஒவ்வொரு பங்கிலும் வைத்திருக்க வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால் அளந்து காட்ட வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லிலிட்டர்தான் கூடுதல் குறைச்சலாக இருக்கலாம். மேலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் மறுப்பேதும் சொல்லாமல் கலத்தை எடுத்துவரச் சொல்லி, ஐந்து லிட்டர் பிடித்துக் காட்டினார். பெட்ரோல் கழுத்துக் கோட்டில் வந்து சரியாக நின்றது. மைத்துனர் காருக்குள்ளேயே உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் பம்ப் மாற்றிய பணிமனைக்குப் போனோம். பெயர் வேண்டாம். ஏ.சி. அறை, சோபா, குளிர்ந்த தண்ணீர், கணினி எல்லாம் இருந்தன. பையன் ஒருவன் ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, "பிழை எதுவும் வரவில்லை, சார்" என்றான். உள்ளே இருந்து வந்த மேற்பார்வையாளர், பம்புக்கும் மீட்டருக்கும் சம்பந்தமில்லை என்றும், மீட்டர் போர்டையே மாற்ற வேண்டியிருக்கும், 9,500 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார். "பம்ப் மாற்றுவதற்கு முன்பு சரியாகத்தானே காட்டியது?" என்று அப்பா கேட்டார். "பழைய வண்டிதானே, ஐயா" என்று பதில் வந்தது. பதினைந்து ஆண்டு முடிந்து, பதிவைப் புதுப்பிக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவர் அப்பா. அந்தச் சொல் அவரை நன்றாகவே சுட்டது. வீடு வரும்வரை பேசவில்லை.

வயரிங் கடை பாயிடம் போகலாம் என்றது அம்மா. மின்சார மோட்டாருக்குக்கூட அவரிடம்தான் போவார்களாம். வேப்பமரத்தடியில் தகரக் கூரை, சுவரில் பழைய ஆல்டர்னேட்டர்கள், ஒரு மர முக்காலி. கதை முழுவதையும் கேட்காமலே, "பம்ப் மாற்றினீர்களா?" என்றார். பின்சீட்டைத் தூக்கிவிட்டு, டேங்கின் மேலிருந்த பிளக்கை உருவினார். ஊசி, காலி என்று குறிக்கும் ஈ-க்கு இறங்கியது. இரண்டு வயர்களை இணைத்தார். ஊசி நிதானமாக எஃப் வரைக்கும் ஏறியது. "மீட்டரும் வயரிங்கும் நன்றாக இருக்கின்றன. டேங்க் யூனிட்தான்" என்றார். இதற்கு ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை.

அதற்கப்புறம் அவசரப்படவில்லை. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். பீடியோடு நின்றவரைத் தெருவின் மறுகோடிக்கு அனுப்பினார். பெட்ரோலைக் கேனில் இறக்கினார். பிறகு பம்பும் டேங்க் யூனிட்டும் ஒன்றாகச் சேர்ந்த அந்தத் தொகுதியைச் சாய்த்து வெளியே எடுத்தார். அதன் பக்கவாட்டில் மெல்லிய கம்பி, கம்பியின் நுனியில் மிதவை. பெட்ரோலோடு மிதவை ஏறி இறங்கும்போது கம்பியின் மறுமுனை ஒரு சிறு தகட்டில் உரசிப் போகும். அங்கே மாறும் மின்தடையைத்தான் ஊசி படிக்கிறது. எங்கள் கம்பி நடுவில் கீழ்நோக்கி வளைந்திருந்தது. துளைக்குள் சாய்க்காமல் நேராக அழுத்தித் திணித்திருக்கிறார்கள். அதனால் கம்பியின் மறுமுனை கால் பங்கில் இருக்கும்போதே மிதவை டேங்கின் தரையில் முட்டி நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே ஊசி எப்படி இறங்கும்?

மல்ட்டிமீட்டரைப் பொருத்தி என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மிதவையை விரலால் மெல்ல உயர்த்த, எண் எங்கும் தாவாமல் சீராக மாறியது. தகடு தேயவில்லை, புதுப் பொருள் தேவையில்லை. மூக்குக் குறடால் கம்பியை ஒரு நெல் அளவு நிமிர்த்தினார். உள்ளே இறக்கி, பிளக்கையும் பேட்டரியையும் இணைத்து, ஐந்து லிட்டரை மட்டும் ஊற்றிச் சாவியைத் திருப்பினார். ஏழில் ஒரு பங்கு காட்ட வேண்டிய ஊசி, கால் பங்கை ஒட்டி நின்றது. மறுபடி எல்லாவற்றையும் கழற்றினார். இரண்டாம் முறை ஊசி ஈ-யிலேயே படுத்துக்கொண்டது. மூன்றாம் முறை ஈ-க்குச் சற்று மேலே வந்து நின்றது. எனக்குப் பொறுமை போய்விட்டது. அவருக்குப் போகவில்லை.

"மேலே முழுசாக எஃப்-ஐத் தொடாது, ஒரு நூல் குறைவாக நிற்கும்" என்று முன்கூட்டியே சொன்னார். "கீழே சரியாக இருந்தால் போதும். டேங்க் நிறைந்திருக்கும்போது யார் நடுவழியில் நிற்கிறார்கள்?"

ரப்பர் வளையத்தோடு சேர்த்து 750 ரூபாய். பில் இல்லை, கணக்கை அட்டைப் பெட்டியின் மேல் எழுதிக் காட்டினார்.

நான் கிளம்புவதற்கு முதல் நாள் ஊசி கால் பங்குக்கு வந்தது. பங்கில் நிரப்பினோம், 26.3 லிட்டர் பிடித்தது. அப்பா சட்டைப் பையிலிருந்த குறிப்பேட்டில் தேதி, கிலோமீட்டர், லிட்டர் மூன்றையும் எழுதிக்கொண்டார். ஊசி எஃப்-க்கு ஒரு நூல் கீழே நின்றது. இனி இந்தக் குறிப்பேடு எதற்கு என்று கேட்டேன். "நீ ஓட்டு" என்றார்.