முத்து மாலை: எந்த விலைக்கு எது தகும்?

ராமேசுவரம் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் சங்குக்கும் சோழிக்கும் நடுவே தொங்கும் முத்து மாலை சில நூறு ரூபாய்தான். ராமநாதபுரத்து நகைக்கடையில் அதே நீளத்துக்குச் சில ஆயிரம் கேட்பார்கள். சென்னையில் ஜப்பான் முத்து என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பது பல பத்தாயிரங்களில் போகும். கடலில் தானாக விளைந்த முத்து என்றால் பேச்சே லட்சங்களில். நான்கும் வெள்ளை, நான்கும் உருண்டை. நாலடி தள்ளி நின்றால் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியாது. பிறகு எதற்கு இவ்வளவு ஏற்றத்தாழ்வு? கல்யாணத்துக்கு நகை எடுக்கும் குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஏலத்தில் வாங்குகிறவர்களுக்கு என் யோசனை தேவைப்படாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "நம்ம கடல் முத்து, அண்ணே" என்று இந்தக் கரையில் யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில், அதாவது முத்துச் சிப்பி வாழும் கடலடித் திட்டுகளில், அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் தூத்துக்குடிப் பக்கம் நடந்தது. அதன்பின் சிப்பி வளம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பாம்பனை ஒட்டிய குருசடைத் தீவில் 1930களிலேயே முத்து வளர்க்க முயன்று பார்த்தார்கள். 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், 1973இல் தூத்துக்குடியில் அதைச் செய்தும் காட்டியது. ஆனால் கடைவீதியை நிரப்பும் தொழிலாக அது வளரவில்லை. இன்று முத்து வாங்க நம் ஊர்க்காரர்கள் கடலே இல்லாத ஹைதராபாத்துக்குப் போகிறார்கள். அங்கே துளையிட்டுக் கோக்கிற முத்துகளில் பெரும்பகுதி சீனத்திலிருந்து வருகிறது.

இயற்கை முத்தின் விலையைப் புரிந்துகொள்ள நியூயார்க்கில் நடந்த ஒரு பேரம் போதும். 1917இல் கார்ட்டியே நகை நிறுவனம் ஐந்தாம் அவென்யூவில் ஒரு மாளிகையை வாங்கியது. கொடுத்தது நூறு டாலர் ரொக்கமும், பத்து லட்சம் டாலர் மதிப்பிட்ட இரட்டைச் சர முத்து மாலையும். அதே மாலை 1957இல் ஏலத்துக்கு வந்தபோது போன விலை 1,51,000 டாலர். நடுவில் பொருளாதார வீழ்ச்சியும் போரும் வந்தன என்றாலும், பெரிய அடியைக் கொடுத்தது ஜப்பானில் மிக்கிமோட்டோ கொக்கிச்சி வளர்த்த முத்து. அவர் 1893இல் முதல் அரைவட்ட முத்தை எடுத்துக் காட்டியிருந்தார். உருண்டை முத்து சந்தைக்கு வந்ததும் இயற்கை முத்தின் அருமை கரைந்துபோனது. எலிசபெத் டெய்லருக்காக 1969இல் 37,000 டாலருக்கு வாங்கிய 'லா பெரெக்ரினா' முத்து 2011இல் ஒரு கோடியே பதினெட்டு லட்சம் டாலருக்குப் போனதே என்று கேட்கலாம். அது ஸ்பெயின் அரச குடும்பத்தின் கழுத்திலிருந்து நடிகையின் கழுத்துக்கு வந்த முத்து. அந்த விலையில் பெரும்பங்கு கதைக்குத்தான். நம் வீட்டு முத்துக்கு அப்படி ஒரு கதை கிடையாது. இயற்கை முத்தா, வளர்ப்பு முத்தா என்று உறுதியாகச் சொல்ல எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு லட்சங்கள் கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

உண்மையான போட்டி அகோயா எனப்படும் ஜப்பான் கடல் முத்துக்கும், சீனத்து நன்னீர் முத்துக்கும் இடையில்தான். அகோயாவின் நடுவே கிளிஞ்சலைக் கடைந்து செய்த உருண்டை ஒன்று இருக்கும். சிப்பியின் சதைக்குள் அதை வைத்து, ஓரிரு ஆண்டு கடலில் தொங்கவிடுகிறார்கள். உருண்டையின் மேல் சிப்பி படியவைக்கும் படலம் அரை மில்லிமீட்டர் இருந்தாலே நல்ல சரக்கு. நன்னீர் முத்தில் பெரும்பாலும் அந்த உருண்டையே கிடையாது. சதைத் துணுக்கை மட்டும் வைப்பதால் உள்ளேயும் வெளியேயும் முத்துப் படலமே. ஆக, மலிவானதில்தான் முத்து அதிகம்! ஒரு நன்னீர் மட்டியில் ஒரே சமயத்தில் முப்பது முத்துக்கு மேலும் விளையும், அகோயாச் சிப்பியில் ஒன்றிரண்டுதான். விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி இங்கிருந்தே வருகிறது.

அகோயாவின் தரப்பையும் சொல்லியாக வேண்டும். நல்ல அகோயாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் அதில் ஜன்னல் சட்டமே கூர்மையாகத் தெரியும். நன்னீர் முத்தில் அந்தச் சட்டம் பால் படிந்ததுபோல் மங்கும். உருட்சியிலும் அகோயா ஒரு படி மேல். ஆஸ்திரேலியா, இந்தோனேசியா பக்கம் விளையும் தென்கடல் முத்து இதைவிடப் பெரிது, விலையும் பெரிது. கல்யாண வீட்டுக் கணக்கில் அது வராது.

சில நூறு ரூபாய் மாலை கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் மணி, மேலே பூச்சு. இரண்டு மணிகளை ஒன்றோடொன்று மெல்ல உரசினால் அசல் முத்து நெறுநெறுக்கும்; போலி வழுக்கும். துளை வாயில் பூச்சு உரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பள்ளி ஆண்டுவிழா நடனத்துக்கு இது தாராளம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த வெயிலும் வியர்வையும் முத்துக்கு ஆகாதவை. முத்து சுண்ணாம்புச் சத்தால் ஆனது. வியர்வையின் புளிப்பும், வளைகுடா நாட்டிலிருந்து வரும் மச்சான் கொண்டுவரும் அத்தரும் மெல்ல மெல்ல அரிக்கும். படலம் மெல்லிசான அகோயா என்றால் உள்ளே இருக்கும் உருண்டை தெரிந்துவிடவும் கூடும். கீழக்கரையில் மே மாதக் கல்யாணத்துக்கு, மின்விசிறி எட்டாத பந்தலில் நாள் முழுவதும் அணிய வேண்டிய மாலை எது என்று கேட்டால் நன்னீர் முத்துதான் என்பேன்.

என் அக்கா கேட்டது வேறு கேள்வி: "அவசரத்துக்கு அடகு வைக்கலாமா தம்பி?" முடியாது அக்கா. அடகுக் கடையில் கல், முத்தின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டுமே பணம் தருவார்கள். ஐம்பதாயிரத்து அகோயாவும் ஐயாயிரத்து நன்னீர் முத்தும் அந்தத் தராசில் ஒன்றே. மிச்சப் பணத்துக்குத் தங்கமாக எடுத்துக்கொள்ளட்டும். அழகுக்காகவே வாங்குகிறவர், திரும்ப ஒரு ரூபாய் வராது என்று தெரிந்தே வாங்குகிறவர் என்றால் அகோயா வாங்கலாம். அந்த மினுக்கம் பொய்யில்லை.

எதை எடுத்தாலும் ஒவ்வொரு முத்துக்கும் நடுவே முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். முடிச்சில்லாவிட்டால் முத்துகள் ஒன்றையொன்று தேய்க்கும். நூல் அறுந்தால் மொத்தமும் தரையில் உருளும். கடைக்காரரிடமே முடிச்சுப் போட்டுக் கோத்துத் தரச் சொல்லுங்கள், பில் போடுவதற்கு முன்பே.