யாழ்ப்பாண முற்றத்துக்கு எந்தப் புல்? அறுகு, மணிலா, மலேசியப் புல்: ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணத்து முற்றம் மரபில் புல்லுக்கு இடங்கொடுத்த முற்றம் அன்று. விடியற்காலையில் ஈர்க்குமாற்றால் கூட்டி நீர் தெளித்த வெறும் மணலே அதன் அழகாக இருந்தது. மாரியில் தலைகாட்டும் புல்லை உழவாரத்தால் செருக்கி எறிந்துவிடுவார்கள். பாம்போ பூரானோ வந்தால் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பது அவர்கள் கருத்து. இன்று அந்த மணலின் இடத்தைப் பல வீடுகளில் சீமெந்துக் கற்கள் பிடித்துக்கொண்டன. அவை கோடையில் இரவு வரை வெப்பத்தைக் கக்குகின்றன. மாரியில் மழைநீரை நிலத்துக்குள் இறங்கவிடாமல் தெருவுக்கு அனுப்புகின்றன. ஆகவே முற்றத்தின் ஒரு பகுதியையாவது புல்லுக்கு விடலாம் என்று நினைப்பவர்களின் எண்ணம் நியாயமானதே. அவர்கள் புல் விற்பவரிடம் முதலில் கேட்பது எந்தப் புல் வடிவாக இருக்கும் என்பது. அதற்கு முன் தங்கள் வீட்டைப் பற்றி இரண்டு கேள்விகளுக்கு அவர்கள் விடை காணவேண்டும் என்பது என் கருத்து: கிணற்று நீர் எப்படிப்பட்டது, முற்றத்தில் நேர்வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது?

கிணற்றை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை தரும் நீரே சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அந்தப் படை மெலிந்து உவர் மேலே ஏறுகிறது. இப்போது ஒரு கணக்கைப் பார்ப்போம். 1 பரப்புக் காணி 10 பேர்ச், அதாவது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அதில் காற்பங்கை மட்டும் புல்லாக்கி, பாடப்புத்தகங்கள் சொல்வதுபோல் வாரத்துக்கு 25 மில்லிமீற்றர் நீர் விட்டால், வாரம் ஒன்றுக்கு 1,500 லீற்றருக்கு மேல் வேண்டும். மாசியிலிருந்து புரட்டாதி வரையான எட்டு மாதங்களுக்கு, இடைமழையைக் கணக்கில் எடுக்காவிட்டால், அது 50,000 லீற்றரைத் தாண்டுகிறது. பராமரிப்புக் குறைந்த புல் எது என்று யாழ்ப்பாணத்தில் கேட்பது, பெரும்பகுதி, இந்த நீரைக் கேட்காத புல் எது என்று கேட்பதுதான்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், கொழும்புப் பக்கத்துத் தோட்டங்களில் கண்ணைப் பறிக்கும் மலேசியப் புல் இங்கே முதலில் பின்தங்குகிறது. அந்தப் பெயரில் விற்கப்படும் அகன்ற இலைப் புல்லின் தாவரவியற் பெயர் அக்சோனோபஸ் கொம்பிரசஸ். அதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. அது ஈரத்தையும் சற்றுப் புளிப்பான மண்ணையும் விரும்புவது, நிழலை நன்றாகத் தாங்குவது, உப்பைத் தாங்காதது. தென்மேற்கின் ஈரவலயத்தில் அதற்கு எல்லாம் வாய்க்கிறது. நமது மண்ணும் நீரும் சுண்ணாம்பு மிகுந்தவை. எங்கள் வளவில் ஒரு மாசி மாதத்தில் சதுரத் துண்டுகளாக வாங்கிப் பதித்த மலேசியப் புல் சித்திரை பிறக்கும்போதே வெளிறத் தொடங்கியது. ஓர் இலையைக் கிள்ளி வெயிலுக்கு நேரே பிடித்தால், நரம்புகள் மட்டும் மெல்லிய பச்சைக் கோடுகளாக நிற்க, இடையிலுள்ள பகுதி எலுமிச்சை மஞ்சளாக இருந்தது. நீர் போதவில்லை என்று எண்ணி நாங்கள் மேலும் மேலும் கிணற்று நீரை ஊற்றினோம். ஊற்ற ஊற்ற மஞ்சள் கூடியது. மண்ணில் இரும்பு இருந்தும், சுண்ணாம்பின் காரத்தன்மையால் வேர் அதை எடுக்க முடியாதபோது புது இலைகளில் தோன்றும் அறிகுறி அது என்பதைப் பின்னரே அறிந்தோம். விற்றவர் எங்கள் மண்ணைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மாமரத்தின் கீழ் கிணற்றடி ஈரம் கசியும் ஒரு மூலையில் மட்டும் அது இன்றும் பிழைத்திருக்கிறது. அத்தகைய இடத்துக்கு அது பொருந்தும் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிரே நிற்பது அறுகு. பிள்ளையாருக்குச் சாத்துகிற, ‘ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி’ என்று மணமக்களை வாழ்த்துகையில் சொல்கிற அதே அறுகுதான், சைனோடன் டாக்டைலன் என்ற பெயரில் உலகின் வெப்ப நாடுகளில் விளையாட்டுத் திடல்களை நிரப்புகிறது. மண்ணுக்கு மேல் ஓடும் கொடி, மண்ணுக்குள் ஓடும் கிழங்குத்தண்டு என இரண்டு வழிகளிலும் அது பரவுகிறது; அதன் உறுதி இரண்டாவதில்தான் இருக்கிறது. ஆவணி மாதம், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று மண்ணை வறட்டி முடித்த நாளொன்றில், வைக்கோல் நிறத்தில் கிடந்த அறுகுத் திட்டு ஒன்றை மண்வெட்டியால் கிளறிப் பார்த்தேன். மேலே நொறுங்குகிற சருகு. ஒரு சாண் கீழே, செதில் மூடிய கணுக்களோடு வெள்ளையாக ஓடும் தண்டு. நகத்தால் அழுத்தியபோது உள்ளே ஈரம் இருந்தது. புரட்டாதிக் கடைசியில் ஒரு மழை விழுந்து பத்து நாளுக்குள் அந்தத் திட்டு பச்சையாகிவிட்டது. எட்டு மாதமும் இறைக்காமல் விட்டாலும் சாகாத புல் என்று சொல்வதன் பொருள் இதுதான். ஆனால் அந்த மாதங்களில் அது பச்சையாக இருக்காது என்பதை வீட்டார் முன்கூட்டியே ஏற்கவேண்டும். பத்து நாளுக்கு ஒருமுறை ஆழமாக ஒரு நீர் விட்டால், முற்றாகக் கருகாமல் அரைப் பச்சையில் நிற்கும்.

உப்பையும் சுண்ணாம்பையும் அறுகு ஓரளவு நன்றாகவே தாங்கும். பிள்ளைகள் ஓடி விளையாடித் தேய்ந்த இடத்தையும் தானே மூடிக்கொள்ளும். அதன் குறைகளும் சிறியவை அல்ல. நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் இல்லாத இடத்தில் அது மெலிந்து, இடையிடையே மண் தெரியத் தொடங்கும். மாரியில் வேகமாக வளர்வதால் வாரம் ஒருமுறை வெட்டவேண்டி வரும், எனினும் வெட்டியது ஆட்டுக்கும் மாட்டுக்கும் நல்ல தீனி. எல்லாவற்றிலும் பெரிய குறை அதன் பரவும் குணம்: வெங்காயப் பாத்திக்குள் நுழைந்த அறுகை அகற்றப் பட்ட பாட்டைத் தோட்டம் செய்கிறவர்கள் நன்கு அறிவார்கள். மரக்கறிப் பாத்திக்கும் புல்லுக்கும் நடுவே ஒரு சாணுக்குக் குறையாத ஆழத்தில் கல் வரம்பு கட்டாமல் வீட்டு முற்றத்தில் அறுகு வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோல்ஃப் திடல்களுக்கென உருவாக்கப்பட்ட கலப்பின அறுகுகள், 1960இல் அமெரிக்காவில் வெளியான டிஃப்வே போன்றவை, இலை மெலிந்து மிக அழகானவை. ஆனால் அடிக்கடி வெட்டும் உரமும் கேட்பவை. வீட்டுக்கு அவை வேண்டாம்.

இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது மணிலாப் புல், அதாவது சொய்சியா மற்றெல்லா. ஆசியக் கடற்கரைகளுக்கு உரிய புல் ஆதலால் உப்புக் காற்றும் மணலும் அதற்குப் புதியவை அல்ல. வெறுங்காலுக்குச் சற்று விறைப்பாகத் தெரியும் நுண்ணிய இலைகள் மிக நெருக்கமாக வளர்வதால், ஒருமுறை மூடிக்கொண்ட பின் கோரையும் நெருஞ்சியும் உள்ளே புகுவது கடினம். மெதுவாக வளர்வதே அதன் குறையும் நிறையும். சிறு கட்டிகளாக அரை அடி இடைவெளியில் நட்டால் நிலம் மூட ஓர் ஆண்டு வரை ஆகும், அதுவரை குந்தியிருந்து களை பிடுங்க ஆள் வேண்டும். மூடிய பிறகோ, கோடையில் மாதம் ஒரு வெட்டுப் போதும். நான்கு மணி நேர வெயிலோடும் அது சமாளிக்கும். வறட்சியில் அறுகு அளவுக்கு இல்லாவிட்டாலும் மலேசியப் புல்லைவிடப் பல மடங்கு உறுதியானது. நெடுநாள் வெட்டாமல் விட்டால் மேடுமேடாகக் குவிந்துவிடும். வெட்டும் அலகு கூர்மையாக இல்லாவிட்டால் இலை நுனி கிழிந்து வெண்மை தட்டும்.

பஃபலோ புல் என்ற பெயரைக் கேட்டால், எந்தப் புல் என்று பார்த்தே வாங்கவேண்டும், ஏனெனில் அப்பெயர் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு புற்களுக்கு வழங்குகிறது. தடித்த கொடியும் அகன்ற இலையும் கொண்ட ஸ்டெனோடாஃப்ரம் என்றால், அது நிழலையும் கடற்கரை மணலையும் தாங்கும் புல். உயரமாக, 2 அல்லது 3 அங்குலத்தில், வெட்டினால் போதும். கிணறே உவராகிவிட்ட கரையோர வீடுகளுக்கு மட்டும் பஸ்பாலம் வஜினேட்டம் என்ற கடற்கரைப் புல் பொருந்தும். புற்றரைப் புற்களுள் உவர்நீரை மிகுதியாகத் தாங்குவது அதுவே.

எந்தப் புல்லானாலும் உரத்தில் கைகட்டி இருக்கவேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். அது மண்ணில் நைத்திரேற்றாக மாற, செம்மண்ணும் வெடித்த சுண்ணாம்புக் கல்லும் அதை மழையோடு நேரே கிணற்றுக்குள் விடுகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டின் வலிகாமத்தில் செறிவாகப் பயிர் செய்யும் பகுதிகளின் கிணறுகள் பலவற்றில் அது தாண்டப்பட்டிருக்கிறது. கைக்குழந்தைகள் அந்த நீரைக் குடிக்கும் வீடுகளில், முற்றத்துப் புல் கரும்பச்சையாக இருக்கவேண்டும் என்பதற்காக மேலும் யூரியா இடுவதை என்னால் ஏற்க முடியாது. மக்கிய மாட்டெருவை நன்றாகச் சலித்து, மாரித் தொடக்கத்தில் ஒருமுறை மெல்லத் தூவினால் அறுகுக்கும் மணிலாவுக்கும் அது போதும்.

ஆகவே என் தெரிவு இவ்வாறு அமைகிறது. வெயில் முழுதாக விழும், பிள்ளைகள் விளையாடும், பாத்திகள் தள்ளி இருக்கும் பெரிய முற்றத்துக்கு அறுகு. பொறுமையும் களை பிடுங்க ஓராண்டும் உள்ளவர்களின் சிறிய முற்றத்துக்கு மணிலா. கால்பரப்புக்குள் புல்லை அடக்கிக்கொள்ள முடிந்தால், நான் அதையே அறுகுக்கு முன் வைப்பேன். வேம்பும் மாவும் கவிந்த வளவில் புல்லை வற்புறுத்தாமல், பஃபலோவை ஒரு சிறு பகுதியில் நட்டுப் பார்த்து, மற்ற இடத்தைப் பழையபடி கூட்டிய மணலாகவே விட்டுவிடலாம்.

நடுவதற்கு ஐப்பசி நடுப்பகுதியே தக்க காலம். அறுகுக் கொடியை மேய்ச்சல் தரவையிலிருந்தோ தெருவோரத்திலிருந்தோ இலவசமாக எடுக்கலாம், ஆனால் அதனோடு கோரைக் கிழங்கும் நெருஞ்சி முள்ளும் சேர்ந்து வரும். மண்ணை முற்றாக உதறி, கொடியைக் கழுவி, கணுக்கள் மூன்று நான்கு உள்ள துண்டுகளாக வெட்டி, ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி நட்டு, காலால் மிதித்து விடவேண்டும். கார்த்திகை மழை மிகுதியைப் பார்த்துக்கொள்ளும்.