கோனன்: படிக்க டெல் ரே, அட்டைக்கு லான்சர்

வாளும் மந்திரமும் கலந்த பழைய ஆங்கிலக் கதைகளைச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் ஏமாறும் இடம், காட்டுவீரன் கோனன். அட்டையில் அதே பெயர், அதே தோள்பட்டை. உள்ளே இருப்பது பல நேரம் ராபர்ட் இ. ஹோவர்ட் எழுதியதே இல்லை. டெக்சஸ்காரரான ஹோவர்டின் முதல் கோனன் கதை 1932 டிசம்பர் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் வந்தது. 1936-ல், 30 வயதில் இறந்துவிட்டார். அவர் முழுதாக எழுதி முடித்த கோனன் கதைகள் 21-தான். அவற்றை அவர் எழுதியபடியே படிக்க, 2003 முதல் 2005 வரை டெல் ரே வெளியிட்ட மூன்று தொகுதிகளே போதும்.

முதல் தொகுதியில் 13 கதைகள், இரண்டாவதில் 3, மூன்றாவதில் 5. இரண்டாவதில் எண்ணிக்கை குறையக் காரணம், ஹோவர்டின் ஒரே கோனன் நாவலான ‘தி ஹவர் ஆஃப் த டிராகன்’ அதில் இருப்பது. கதைகள் எழுதப்பட்ட வரிசையிலேயே அடுக்கப்பட்டிருக்கின்றன. அதனால் முதல் கதையில் கோனன் அரசன், நான்காவதில் மீசை முளைக்காத திருடன். குழப்பமாகத் தோன்றும். ஆனால் நாடோடி ஒருவன் தன் கதையைச் சொன்னால் முன்பின்னாகத்தானே சொல்வான் என்று ஹோவர்டே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். நேராக நான்காவது கதை, ‘த டவர் ஆஃப் த எலிஃபன்ட்’. ரத்தினம் திருடக் கோபுரம் ஏறுகிறவன் உச்சியில் காண்பது யானைத் தலையும் பச்சை மேனியும் கொண்ட ஓர் உயிரை. வேற்றுலகிலிருந்து வந்தது, மந்திரவாதி அதன் கண்ணைக் குருடாக்கிச் சித்திரவதை செய்து அடைத்து வைத்திருக்கிறான். நம் ஊர் வாசகருக்கு உடனே பிள்ளையார் நினைவு வரும். தன் இதயத்தை அறுத்து, ரத்தத்தை ரத்தினத்தின் மேல் பிழியச் சொல்லி அது கோனனைக் கேட்கிறது. திருட வந்தவன் அதைச் செய்கிறான். போகும்போது கையில் ஒன்றும் இல்லை. பிறகு மூன்றாவது தொகுதிக்குப் போய் ‘பியாண்ட் த பிளாக் ரிவர்’, ‘ரெட் நெய்ல்ஸ்’. முதல் தொகுதியிலுள்ள ‘த வேல் ஆஃப் லாஸ்ட் விமன்’ கதையைத் தாண்டிப் போனாலும் நஷ்டமில்லை. அதன் இனவெறி இன்று படிக்கச் சகிக்காது.

படங்கள் முறையே மார்க் ஷுல்ட்ஸ், கேரி ஜியானி, கிரெகரி மான்செஸ். இங்கிலாந்தின் வாண்டரிங் ஸ்டார் பதிப்பில் வண்ணத்தில் இருந்த பக்கங்கள் இங்கே கறுப்பு வெள்ளை. இந்தத் தொகுதிகளில் பெரிய குறை அதுதான். பின்னிணைப்பில் வரைவுகளும் கதைச்சுருக்கங்களும் நிறைய. முதல் வாசிப்பில் விட்டுவிடலாம். ஹோவர்ட் ஆய்வாளர் பாட்ரிஸ் லூயினேயின் கட்டுரையை மட்டும் விடாதீர்கள்.

அப்படியானால் லான்சர் நிறுவனத்தின் பழைய பேப்பர்பேக்குகள் எதற்கு? ஓவியர் ஃப்ராங்க் ஃப்ரஸெட்டாவுக்காக. 1966-ல் ‘கோனன் த அட்வென்ச்சரர்’ அட்டையில் அவர் வரைந்த உருவம்தான் இன்றுவரை கோனன் என்றால் மனதில் வருவது. உள்ளே வேறு கதை. தொகுப்பாசிரியர் எல். ஸ்ப்ரேக் டி கேம்ப் கதைகளைக் கோனனின் வயதுப்படி அடுக்கி, இடைவெளிகளைத் தானும் எழுத்தாளர் லின் கார்ட்டரும் எழுதி நிரப்பினார். கோனனே இல்லாத ஹோவர்ட் கதைகளையும் கோனன் கதைகளாக மாற்றினார். அதோடு, வரிசையில் எல்லா அட்டையும் ஃப்ரஸெட்டா இல்லை. சில ஜான் டூயிலோ வரைந்தவை. ‘முழு செட்’ என்று விலை சொல்கிறவரிடம் இதைப் பேசிவிடுங்கள்.

வாங்கும்போது முதலில் அட்டையில் அச்சிட்ட விலையைப் பாருங்கள். ‘அட்வென்ச்சரர்’ முதல் பதிப்பு 60 சென்ட்; 95 சென்ட் போட்டிருந்தால் மறுபதிப்பு. லான்சர் 1973-ல் திவாலானபின் ஏஸ் நிறுவனம் அதே ஓவியங்களோடு வெளியிட்டவையும் சந்தையில் ஏராளம். முதுகில் யார் பெயர் என்று பாருங்கள். விற்பவரிடம் முன்னட்டை, முதுகு, பதிப்புரிமைப் பக்கம் மூன்றுக்கும் படம் கேளுங்கள். பழைய புத்தக வியாபாரத்தில் ‘குட்’ என்றால் நல்ல நிலை என்று அர்த்தமில்லை, நன்றாக அடிபட்டது என்றே அர்த்தம். குறைந்தது ‘வெரி குட்’ பாருங்கள்.

ஐம்பது வருடப் பசை காய்ந்து போயிருக்கும். புத்தகத்தை விரித்துத் தட்டையாக வைத்தால் முதுகு பிளந்து பக்கங்கள் கொத்தாகக் கழன்று வரும். செலோடேப் ஒட்டவே கூடாது. அதன் பசை பழுப்பேறிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். பாலிப்ரோப்பிலீன் உறையில் நிமிர்த்தி வையுங்கள். பிவிசி உறை நாளடைவில் பிசுபிசுத்து அட்டையில் ஒட்டிக்கொள்ளும்.

பழைய பேப்பர்பேக்காகவும் இருக்க வேண்டும், டி கேம்ப் கைபடாததாகவும் இருக்க வேண்டும் என்பவர்கள் 1977-ல் கார்ல் எட்வர்ட் வாக்னர் தொகுத்த பெர்க்லி பதிப்புகள் மூன்றையும் தேடலாம். ‘வியர்ட் டேல்ஸ்’ பாடத்தையே எடுத்தாண்டவை. உள்ளே கென் கெல்லி ஓவியம் மடித்த போஸ்டராக இருக்கும். பலர் கிழித்துச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். பணம் கொடுக்கும் முன் அது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.