ரெஜிஸ் ஜெர்சி: துணி நல்லாத்தான் இருக்கு, முதுகில்தான் கோளாறு

இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான வெஸ்ட் ப்ராம்விச் ஆல்பியன் 1978-79 சீசனில் வெளியூர் ஆட்டங்களுக்குப் போட்ட மஞ்சள்-பச்சைப் பட்டை ஜெர்சியின் நகல் இது. ஆன்லைனில் ஒரு ரெட்ரோ கடையில் வாங்கினேன். துணி கனமான பருத்தி. மூன்று தடவை துவைத்தும் பச்சை மஞ்சளில் இறங்கவில்லை. அளவு கொஞ்சம் இறுக்கம், ஒரு சைஸ் கூட்டி வாங்குங்கள்.

இதே ஜெர்சியில்தான் 1978 டிசம்பர் 30-ல் ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை 5-3 என்று அடித்தார்கள். ஆல்பியனின் முன்கள ஆட்டக்காரர் சிரில் ரெஜிஸ் குதிகாலால் பின்னுக்குத் தட்டிவிட்ட பந்தை சக ஆட்டக்காரர் கான்டெல்லோ ஓடி வந்து விளாசிய அந்த கோலை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. லாரி கன்னிங்ஹாம் ஒன்று, கடைசியாக ரெஜிஸ் ஒன்று. கறுப்பின ஆட்டக்காரர்கள் பந்தைத் தொட்டாலே கூட்டம் ஊளையிடுவதும் அந்த வீடியோவில் தெளிவாகக் கேட்கும், வர்ணனையாளரே அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

சரி, குறைக்கு வருகிறேன். முதுகில் 9-ஆம் எண்ணுக்கு மேலே ரெஜிஸ் பெயரைப் பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இங்கிலாந்து லீக்கில் ஜெர்சியில் பெயரே கிடையாது, எண் மட்டும்தான், பெயர் வந்தது 1993-ல். அதிலும் கடைசி எஸ் எழுத்து இப்போதே ஓரம் தூக்குகிறது.

அதைவிட எரிச்சல், பெட்டிக்குள் வந்த அட்டை. ரெஜிஸ், கன்னிங்ஹாம், பிரெண்டன் பேட்சன் மூவருக்கும் மேனேஜர் ரான் அட்கின்சன் ஓர் அமெரிக்கப் பாட்டுக் குழுவின் பெயரில் 'த்ரீ டிகிரீஸ்' என்று பட்டம் வைத்ததை மட்டும் ஏதோ ஜாலியான கதை மாதிரி நாலு வரியில் எழுதி முடித்துவிட்டார்கள். ஒரே அணியில் மூன்று கறுப்பின ஆட்டக்காரர்கள் நிரந்தரமாக இறங்குவது அன்றைக்கு இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் எவ்வளவு அபூர்வம் என்று ஒரு சொல் இல்லை. ரெஜிஸ் 5,000 பவுண்டுக்கு ஹேய்ஸ் என்ற சின்ன கிளப்பிலிருந்து வந்தவர், அதுவரை எலெக்ட்ரீஷியன் வேலை பார்த்தவர். 1982-ல் இங்கிலாந்து அணிக்கு அவரைத் தேர்ந்தெடுத்தபோது, இங்கிலாந்து அணி ஆடும் வெம்ப்ளி மைதானத்தில் கால் வைக்காதே என்ற மிரட்டலோடு தபாலில் ஒரு துப்பாக்கித் தோட்டா வந்தது. 1979-ல் கன்னிங்ஹாம் ரியல் மாட்ரிட்டுக்குப் போனதும் அட்டையில் இல்லை, 1989-ல் மாட்ரிட்டில் கார் விபத்தில் செத்துப்போனதும் இல்லை. அப்போது அவருக்கு வயது 33.

பேட்சனுக்கு 2-ஆம் எண் ஜெர்சி இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. வலப்பக்கத் தடுப்பாட்டம் ஆடியவரை யார் வாங்குவார்கள் என்று நினைத்திருப்பார்கள் போல.

ஐந்துக்கு மூன்று. துணிக்காக வாங்கலாம், ஆனால் பெயர் இல்லாத ஜெர்சி வேண்டும் என்று ஆர்டர் குறிப்பில் எழுதிவிடுங்கள். நான் இந்த எஸ்ஸைப் பசை போட்டு ஒட்டுவதா, மொத்தப் பெயரையும் உரித்துவிடுவதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.