சான் டியேகோ காய்கறித் தோட்டம்: பெட்டிப் பாத்தியா, தரைப் பாத்தியா?

கலிஃபோர்னியாவின் சான் டியேகோ கடலோரத்தில் உறைபனி அபூர்வம். ஆண்டு மழையோ சுமார் 10 அங்குலம்தான், அதுவும் பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரை. பாத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை.

பெட்டிப் பாத்தி என்றால் தரைக்கு மேல் பெட்டி வைத்து மண் நிரப்புவது. 4க்கு 8 அடி, ஓரடி உயரப் பெட்டியை நிரப்ப 32 கன அடி மண்கலவை தேவை. முதல் ஆண்டிலேயே அது சில அங்குலம் அமுங்கிவிடும். மேலே கம்போஸ்ட் போட்டு நிரப்பவேண்டும். கோடையில் சீக்கிரம் காய்வதால் தக்காளிக்கு ஏறக்குறைய தினமும் சொட்டுநீர் விடவேண்டியிருக்கும். ஆனால் கோஃபர் எலி (மண்ணுக்குள் வளை தோண்டி வேரைத் தின்னும் பிராணி) உள்ள இடத்தில் பெட்டிதான் சரி. அடியில் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை விரித்து, ஓரங்களில் இடைவெளியில்லாமல் அடிக்க வேண்டும். கோழிவலை போதாது, துருப்பிடித்து அறுந்துவிடும்.

தரைப் பாத்தியில் களிமண் ஈரத்தைப் பிடித்துவைக்கும். கோடையில் வாரம் இரண்டு முறை, 8 அங்குல ஆழம் நனையும்படி விட்டால் பெரும்பாலும் போதும். மேலே 3 அங்குல மூடாக்கு (ஈரம் காயாமல் மண்ணை மூடும் வைக்கோல், சருகு போன்றவை) அவசியம். ஈரமாக இருக்கும்போது மட்டும் கொத்தாதீர்கள், கட்டிகட்டியாக இறுகிவிடும். கேரட் கிளைவிட்டுக் கோணிப்போகும்.

இரண்டிலுமே உப்புத் தொல்லை உண்டு. கொலராடோ ஆற்றிலிருந்து வரும் குழாய்நீரில் உப்பு அதிகம். தினமும் கொஞ்சமாகத் தெளித்தால் அது வேர்ப்பகுதியிலேயே தங்கி, பீன்ஸ் இலையோரம் கருகும். அவ்வப்போது நீண்டநேரம் விட்டு உப்பை வேருக்குக் கீழே இறக்குங்கள்.

கோஃபர் இல்லையென்றால் தரைப் பாத்தியே என் தேர்வு.