நூலகத்தில் இலவச டாக்ஸ் உதவி: பையன் விட்ட ஒரு டிக்

நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் நூலகத்தில் பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் நடு வரை, மூத்தோருக்கான அமைப்பான ஏ.ஏ.ஆர்.பி.யின் டாக்ஸ்-எய்ட் தன்னார்வலர்கள் வருமான வரிக் கணக்குப் போட்டுத்தர வந்து உட்காருகிறார்கள். சல்லிக்காசு வாங்குவதில்லை. வயதானவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்து இத்தனை வருஷம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்படி ஒரு விதியே இல்லையாம்.

2025-இல் போகவேண்டி வந்தது பையனால். காலேஜ் இரண்டாம் வருஷம். முந்தின கோடையில் சூப்பர் மார்க்கெட்டில் நின்று 4,800 டாலர் சம்பாதித்திருந்தான். எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் ஏதோ ஆப்பில் தானே வரிக் கணக்கைத் தாக்கல் செய்து, சம்பளத்தில் பிடித்த வரியையும் திருப்பி வாங்கிவிட்டான். 'உங்களை வேறு யாராவது டிபெண்டன்டாக (தங்களைச் சார்ந்தவராக) காட்ட முடியுமா' என்ற கட்டத்தில் மட்டும் டிக் போடவில்லை. அதனால் மார்ச்சில் அவனையும் காட்டி நாங்கள் ஆன்லைனில் அனுப்பிய ரிட்டர்ன் (வரிக் கணக்கு) மறுநாளே திரும்பிவிட்டது. அவனைக் காட்டினால் எங்களுக்கு வரியில் 500 டாலர் குறையும், அவன் படிப்புச் செலவுக்கான கிரெடிட் (வரிச் சலுகை) 2,500 டாலர். மூவாயிரமும் அந்த டிக்கில் தொங்கியது.

முதலில் போன ஒரு டாக்ஸ் ஆபீஸில் திருத்த 250 டாலர் கேட்டார்கள். "பையனை இந்த வருஷம் விட்டுடுங்க மேடம்" என்று யோசனை வேறு.

நூலகத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே பன்னிரண்டு நாள் ஆனது. எங்களுக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற டீச்சர். ஹாஸ்டலில் இருந்தாலும் வீட்டில் இருந்ததாகத்தான் கணக்கு, 24 வயதுக்குள் முழுநேர மாணவன், தன் செலவில் பாதிக்கு மேல் தானே பார்த்துக்கொள்ளவில்லை, அதனால் உங்கள் டிபெண்டன்ட்தான் என்றார். பிறகு, தாக்கல் செய்ததைத் திருத்துவதற்கான 1040-எக்ஸ் படிவத்தைத் திறந்து திரையை அவன் பக்கம் திருப்பினார். மூன்று பத்தி: முதலில் சொன்னது, மாற்றம், சரியானது. வருமானத்தில் வரி போடாமல் விடும் கழிவு 14,600 என்றிருந்தது 5,250 ஆனது. சம்பளத்தோடு 450 கூட்டினால் வருவது அது. ஆனாலும் சம்பளத்தைவிட அதிகம் என்பதால் வரி பூஜ்யமேதான். "அப்ப வாங்கின ரீஃபண்டத் திருப்பித் தர வேணாமா?" என்று மூன்று தடவை கேட்டான். அதுவரை முகத்தில் ஈயாடவில்லை.

திருத்தத்துக்கான காரணத்தை அவனையே ஒரு வரியில் எழுதச் சொன்னார். கையெழுத்தும் அவன்தான், பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அம்மா போட முடியாது. ஆன்லைனில் திரும்பிவந்த எங்கள் ரிட்டர்னைக் காகிதத்தில் அச்சடித்து, டபிள்யூ-2 (வேலை தந்தவர் கொடுக்கும் சம்பளச் சான்று) இணைத்து, ஏப்ரல் 15-க்குள் தபாலில் போடச் சொன்னார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, இன்னொருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி பார்ப்பது. காலேஜ் கொடுத்த 1098-டி என்ற கட்டணச் சான்றில் ஸ்காலர்ஷிப் தொகையைக் கழிக்காமல் விட்டிருந்ததை அவர்தான் பிடித்தார். நல்லவேளை, கழித்த பிறகும் 4,000 டாலருக்கு மேல் நின்றது, கிரெடிட் குறையவில்லை.

குறைகளும் உண்டு. அறையில் ஹீட்டர் பெயருக்குத்தான். பிரின்டரில் காகிதம் இரண்டு முறை சிக்கிக்கொண்டது. வாடகைக்கு விட்ட வீடு, அதன் தேய்மானம் என்று போன தோழியின் கணக்கை எடுக்கவே இல்லை.

பையனின் திருத்தம் மூன்று வாரத்தில் ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித் துறை) தளத்தில் தெரிந்தது, ஜூலையில் முடிந்தது. எங்கள் காகிதத்துக்கு ஆகஸ்டில் செக் வந்தது.

போகிறவர்கள் வீட்டில் எல்லாருடைய சோஷியல் செக்யூரிட்டி கார்டையும் கையோடு எடுத்துப் போங்கள். நம்பர் மனப்பாடம் என்று சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. கார்டுக்காக வீட்டுக்கு ஓடி வந்தேன்.