பினாங்கில் பெரியப்பாவின் கழுத்துக் குழாயும் ஓர் ஏஜென்சி இரவும்

இம்முறை பினாங்கு போய் வந்ததைப் பற்றி எழுத உட்கார்ந்தால் தண்ணீர்மலைக் கோயிலும் நாசி கண்டார் சாப்பாடும் பின்னால் போய்விடுகின்றன. பெரியப்பாவின் கழுத்தில் இருந்த குழாய்தான் முன்னால் வந்து நிற்கிறது. பக்கவாதம் வந்து நெடுநாள் வென்டிலேட்டரில் இருந்த அவருக்கு டிரக்கியாஸ்டமி, அதாவது கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் குழாய் பொருத்தும் சிகிச்சை, செய்திருந்தார்கள். மூச்சு குரல்நாண்களுக்குக் கீழேயே வெளியேறிவிடுவதால் இப்படிப்பட்ட நோயாளி திணறினாலும் யாரையும் கூப்பிட முடியாது. காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்தும் மூக்கின் வேலையும் நின்றுவிடுவதால் சளி எளிதில் இறுகிவிடும்.

அரசாங்க ஆஸ்பத்திரியின் மூன்றாம் வகுப்பு வார்டு என்றதும், சிறுவயதில் மிஸ்ஸிகளிடம் (தாதிகளை அப்படித்தான் கூப்பிடுவோம்) வாங்கிய அதட்டல்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் அங்கே நான் கண்டவர், நிபோங் திபாலைச் சேர்ந்த ஓர் இளம் தாதி. கையைக் கழுவி, முதலில் ஆக்ஸிஜனைக் கூட்டிவிட்டு, கழுத்துக் குழாயின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் போகாத, சளியை உறிஞ்சி எடுக்கும் மெல்லிய சக்‌ஷன் குழாயைத் தேர்ந்தெடுத்தார். உள்ளே செலுத்தும்போது, மூடினால் மட்டுமே உறிஞ்சும் அதன் பக்கத் துளையை மூடாமல், வெளியே இழுக்கும்போது மட்டும் கட்டைவிரலால் மூடினார். பத்து விநாடிக்குள் எல்லாம் முடிந்தது. அவ்வளவு நேரமும் அவர் கண் பெரியப்பாவின் முகத்திலேயே இருந்தது. "அண்ணே, நீங்களும் கூடவே மூச்சப் புடிச்சுக்குங்க. உங்களுக்குத் திணறுச்சுன்னா ஐயாவுக்கும் திணறுதுன்னு அர்த்தம்" என்றார். பெரியம்மாவையும் அருகில் நிறுத்தி, கழுத்துக் குழாய்க்குள் தனியாகக் கழற்றும்படி இருக்கும் உள்குழாயைத் திருகிக் கழற்றிக் கழுவி மாட்டப் பலமுறை பழக்கினார். குடிமக்களுக்கு நாளொன்றுக்கு 3 ரிங்கிட் படுக்கைக் கட்டணம் வாங்கும் வார்டில் இவ்வளவு பொறுமையா என்று வியந்து போனேன்.

வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு, இரவுக்கென்று ஒரு தனியார் ஏஜென்சியிலிருந்து ஆள் வைத்தோம். அங்கேதான் வயிறு எரிந்தது. நள்ளிரவுக்குப் பின் பெரியப்பாவின் மூச்சு கரகரத்தபோது, வந்தவர் சளி உறிஞ்சும் இயந்திரத்தின் முள் 200-ஐத் தாண்டும் வரை அழுத்தத்தைத் திருகிக் கூட்டினார். பெரியவர்களுக்கு 80 முதல் 120 வரை, மிஞ்சிப்போனால் 150 மில்லிமீட்டர் பாதரசம் போதும். போகும்போதும் வரும்போதும் உறிஞ்சினார். குழாய் உள்ளே போக மறுத்தபோது, இப்போது வழக்கமாகச் செய்யக் கூடாது என்று சொல்லப்படும் உப்புநீரையும் சொட்டவிட்டார். விரலில் மாட்டியிருந்த, இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் கருவி 94-இலிருந்து 82-க்கு இறங்கியது. "சளி கெட்டியா இருக்கு" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க, பெரியம்மா அவரை விலக்கிவிட்டு உள்குழாயைத் திருகி வெளியே எடுத்தார். அந்தக் குழாயின் வாய் முழுவதும் காய்ந்த மஞ்சள் சளி அடைத்திருந்தது. கழுவி வைத்திருந்த மற்றொன்றை மாட்டியதும் பெரியப்பாவின் நெஞ்சு நிதானமாக ஏறி இறங்கத் தொடங்கியது. எண்ணும் மெல்ல ஏறியது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் பார்க்க வேண்டிய உள்குழாயை அந்த மனிதர் மாலையிலிருந்து ஒருமுறைகூடத் தொடவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

நான் வாழும் மான்செஸ்டரில் எல்லாம் சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். அங்கே சிறப்பு மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்கும் காலம் பினாங்கில் இருப்பவர்களுக்குப் புரியாது. ஆனால் கழுத்துக் குழாய் விஷயத்தில் அங்குள்ள ஆஸ்பத்திரிக்காரர்கள் கண்டிப்பானவர்கள். படுக்கையின் தலைமாட்டில் ஓர் அட்டை தொங்கும்: மேல் மூச்சுப்பாதை திறந்திருப்பவருக்குப் பச்சை, குரல்வளையையே அகற்றிவிட்டவருக்குச் சிவப்பு. சிவப்பு அட்டைக்காரருக்கு வாய் வழியாக ஆக்ஸிஜன் கொடுத்துப் பயனில்லை, கழுத்தில்தான் கொடுக்க வேண்டும் என்பது பதற்றத்தில் ஓடிவருபவருக்கும் உடனே தெரிந்துவிடும். அதே அளவில் ஒன்று, ஓர் அளவு சிறியது ஒன்று என மாற்றுக் குழாய்கள் கொண்ட பெட்டி, நோயாளி எங்கே போனாலும் கூடவே போகும். ஏஜென்சிக்காரர் கொண்டுவந்த பையில் கையுறையும் பஞ்சும் மட்டுமே இருந்தன. மாற்றுக் குழாய்களை மறுநாள் நானே மருத்துவக் கருவிக் கடையில் தேடி வாங்கினேன்.

ஏஜென்சிக்கு நடந்ததையெல்லாம் எழுதினேன். வேறு ஆளை அனுப்புவதாகப் பதில் வந்தது. பெரியம்மா ஆளே வேண்டாம் என்று சொல்லவில்லை. வருகிறவர் முதலில் தம் கண்முன்னே உள்குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிக் காட்டட்டும், அதன்பிறகே இரவில் தங்கட்டும் என்றார். நான் விமானம் ஏறும் வரை அந்த நிபந்தனைக்கு ஏஜென்சி சம்மதிக்கவில்லை.